அடுத்து என்ன செய்வது? சுங்கை சிப்புட்டில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் என் ஊர். எங்கள் தாமான் (குடியிருப்பு) கோவிலை ஒட்டி ஒரு சின்ன மண்டபம் இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஒரு மேசை போட்டு உட்காருகிறேன். எஸ்பிஎம் எனப்படும் ஐந்தாம் படிவத் தேர்வை முடித்த பிள்ளைகள் வருவார்கள். பிள்ளைகளைக் கையோடு கூட்டிக்கொண்டு பெற்றோர் வருவார்கள். சில நாள், எல்லாரும் போன பிறகு, நாற்பது ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மெல்ல வந்து, "எனக்கும் ஒன்று கேட்கணும் டீச்சர்" என்பார்.

நான் பாலர் பள்ளி ஆசிரியை. ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தேன். அம்மா பால்வெட்டுத் தொழிலாளி. பதினெட்டு வயதில் தொழிற்சாலைக்குப் போய்ப் பதினான்கு ஆண்டு ஷிப்ட் வேலை பார்த்தேன். டிப்ளோமா படித்தது நாற்பத்திரண்டு வயதில். கீழே இருப்பவை அந்த மேசைக்கு வந்த கேள்விகள். கேட்டவர்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

எனக்கு என்ன பிடிக்கும் என்றே தெரியவில்லை. வாழ்க்கைக்கு ஒரு வழி எப்படிப் புலப்படும்?

இதைக் கேட்ட ஒரு பையனிடம் பழைய நாள்காட்டித் தாளைத் திருப்பிக் கொடுத்து, "உன் கண்ணால் நேரில் பார்த்த வேலைகளை மட்டும் எழுது" என்றேன். ஆசிரியர், தாதி, போலீஸ், லாரி ஓட்டுநர், செம்பனைக் குலை வெட்டுபவர், பாதுகாவலர், கடைக்காரர், முடி திருத்துபவர் என்று எட்டு எழுதினான். ஒன்பதாவதுக்கு ரொம்ப நேரம் யோசித்தான். கடைசியில் ஐயர் என்று எழுதினான்.

பதினேழு வயதுப் பிள்ளைக்கு இந்த உலகத்தில் ஒன்பது வேலை தெரியும். அதில் எதுவும் பிடிக்கவில்லை என்றால், தனக்கு ஆர்வமே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறான். பார்க்காத ஒன்றின் மேல் ஆசை எப்படி வரும்? தோட்டத்து ஊர்களில் பிள்ளைகளுக்குத் திறமைப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பஞ்சம் காட்சிக்குத்தான்.

அதனால் உட்கார்ந்து யோசிப்பதை முதலில் நிறுத்துங்கள். யோசித்து யோசித்து வழி கண்டுபிடித்த யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. போய்ப் பாருங்கள். ஈப்போ இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். மருத்துவமனைக்குப் போனால் டாக்டரை மட்டும் பார்க்காதீர்கள். எக்ஸ்ரே எடுப்பவர் யார், அந்த இயந்திரம் கெட்டுப்போனால் சரிசெய்ய வருபவர் யார், இரத்தத்தைப் பரிசோதிப்பவர் யார், மருந்து எண்ணிக் கொடுப்பவர் என்ன படித்தார்? சாலையோரம் முக்காலி வைத்து நிலம் அளக்கிறார்களே, அவர்கள் யார்? மாதத்துக்கு நாலு பேரிடம் பேசுங்கள். "இந்த வேலைக்கு எப்படி வந்தீங்க, இதில் உங்களுக்குப் பிடிக்காதது என்ன?" என்று இரண்டே கேள்வி போதும். பெரும்பாலானோர் சந்தோஷமாகச் சொல்வார்கள். அவர்களிடம் யாரும் அதைக் கேட்டதே இல்லை.

என்னிடம் திறமை இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுகொள்வது?

மண்டபத்து மின்விசிறி ரொம்ப நாளாக "டக் டக்" என்று அடித்துக்கொண்டிருந்தது. எங்களுக்கெல்லாம் பழகிவிட்டது. ஒருநாள் கணக்கியல் படிப்பு பற்றிக் கேட்க ஒரு பையன் அப்பாவோடு வந்தான். அப்பா பேசிக்கொண்டிருந்தார், பையன் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். கவனம் இல்லை என்று அப்பா தட்டிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவன், "டீச்சர், ஏணி இருக்கா?" என்றான். சுவிட்சை அடைத்துவிட்டு மேலே ஏறி இறக்கைகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தான். மூன்றாவதில் நிறுத்தினான். சட்டைப் பையிலிருந்து பத்துக் காசு நாணயத்தை எடுத்து, அந்த இறக்கையின் திருகாணியில் வைத்துத் திருகினான். இறங்கி வந்து விசிறியைப் போட்டு, தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டான். சத்தம் நின்றிருந்தது. அப்போதுதான் அவன் முகம் மலர்ந்தது.

அந்த அறையில் அன்றைக்கு இருபது பேர் இருந்தோம். அந்தச் சத்தம் உறுத்தியது அவன் ஒருவனுக்குத்தான். என் அனுபவத்தில் திறமைக்கு இதைவிட நம்பகமான அடையாளம் இல்லை: மற்றவர்கள் கடந்து போகிற ஒரு குறை உங்களை மட்டும் உறுத்தினால், அங்கே ஏதோ இருக்கிறது. கணக்கில் ஒரு காசு இடித்தால் தூக்கம் வராதவர்கள் இருக்கிறார்கள். குழம்பில் புளி ஒரு பங்கு கூடிவிட்டதை வாசலிலேயே சொல்பவர்கள் இருக்கிறார்கள். குழந்தை அழும் விதத்தை வைத்தே பசியா காய்ச்சலா என்று சொல்லக்கூடியவர்களும் உண்டு.

இன்னொரு அடையாளம், ஊர் உங்களிடம் எதற்கு வருகிறது என்பது. விண்ணப்பப் பாரம் நிரப்பவா, சண்டையைத் தீர்க்கவா, கோலம் போடவா? யோசித்துப் பாருங்கள்.

பள்ளியில் ஆலோசக ஆசிரியர் தொழில் ஆர்வச் சோதனை வைத்தால் விளையாட்டாக நிரப்பிவிடாதீர்கள். இப்படிப்பட்ட சோதனைகள் பலவற்றுக்கு அடிப்படை, ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் வெளியிட்ட கருத்து. கைவேலை, ஆராய்ச்சி, கலை, பிறருக்கு உதவுவது, ஆட்களைத் திரட்டி முன்நடத்துவது, ஒழுங்காகப் பதிவும் கணக்கும் வைப்பது என்று ஆறு வகை நாட்டங்களாக அவர் பிரித்தார். பொதுவாக ஒருவரிடம் இரண்டு மூன்று கலந்திருக்கும். சோதனைத் தாள் தீர்ப்பு சொல்லாது. எந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லும்.

அந்தப் பையன் கணக்கியலுக்குப் போகவில்லை. குளிர்சாதனத் தொழில்நுட்பம் படித்தான்.

ஜாதகத்தில் இவனுக்கு அரசாங்க உத்தியோகம் என்று இருக்கிறது. அதை வைத்தே படிப்பைத் தேர்ந்தெடுக்கலாமா?

உங்கள் நம்பிக்கையைக் குறை சொல்ல மாட்டேன், நானும் கோவிலுக்குப் போகிறவள்தான். ஆனால் படிப்பை ஜாதகத்தில் பார்க்காதீர்கள், பிள்ளையின் கையில் பாருங்கள். ஓய்வு நேரத்தில் அந்தக் கை எதைத் தொடுகிறது என்று ஒரு மாதம் கவனித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

எனக்குச் சமையல் கலை படிக்க ஆசை. அப்பா, "ஆபீசில் உட்காருகிற வேலைக்குப் படி, இல்லாவிட்டால் வீட்டில் இரு" என்கிறார். என்ன செய்வது?

தங்கச்சி, அப்பா ஏன் அப்படிச் சொல்கிறார் என்று அவரிடம் எப்போதாவது கேட்டிருக்கிறாயா? சண்டையாக இல்லாமல், "எதை நினைச்சுப்பா பயப்படுறீங்க?" என்று கேள். தோட்டத்தில் மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. அந்தக் காலத்தைப் பார்த்தவர்களுக்குக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து மாதச் சம்பளம் வாங்குவது சாதாரண ஆசை இல்லை. அது அவர்கள் பட்ட பாட்டின் மறுபக்கம். மகள் அடுப்படியில் நிற்கப் போகிறாள் என்றதும் அவர் கண்ணுக்குத் தெரிவது தன்னுடைய அம்மா.

அதைக் கேட்டுக்கொண்ட பிறகு ஆசையைப் பற்றிப் பேசாதே. விவரத்தைப் பற்றிப் பேசு. எந்தக் கல்லூரி, எத்தனை தவணை, கட்டணம் எவ்வளவு, விடுதி உண்டா, முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று ஒரே தாளில் எழுதி வை. முடிந்தால் அந்தத் துறையில் வேலை பார்க்கிற நம்மாள் ஒருவரை வீட்டுக்குக் கூட்டிவா. நீ பத்து மணி நேரம் பேசியும் மாறாத அப்பா, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டு பேசும் பத்து நிமிடத்தில் இறங்கி வருவார். நான் பார்த்திருக்கிறேன்.

அப்பாக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஐயா, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரைச் சொல்லி உங்கள் பிள்ளையை எழுப்ப நினைக்காதீர்கள். அவர்கள் எழுவதில்லை, உங்களிடம் பேசுவதைத்தான் நிறுத்துகிறார்கள். மேசைக்கு முன்னால் அப்பாவும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசும்போது எனக்கு மனம் கனத்துப் போகிறது.

எஸ்பிஎம் சரியாக வரவில்லை. இனி அவ்வளவுதானா?

இல்லை. முதலில் தாளைப் பார்ப்போம். மலாய் மொழியும் வரலாறும் தேறாவிட்டால் எஸ்பிஎம் சான்றிதழே கிடைக்காது. வரலாற்றுக்கு இந்த விதி 2013இல் வந்தது. இந்த இரண்டில் ஒன்று போயிருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் மறுதேர்வுக்குப் பெயர் கொடுங்கள். அந்த ஒரு பாடத்தால் பத்து ஆண்டு தடுமாறியவர்கள் எனக்குத் தெரிந்து இருக்கிறார்கள்.

சான்றிதழ் இருந்து தேர்ச்சி மட்டும் சுமாராக இருந்தால், நம் ஊரிலேயே கோலேஜ் கொமுனிட்டி எனப்படும் சமூகக் கல்லூரி இருக்கிறது. ஈப்போவில் மனிதவள அமைச்சின் கீழ் ஐஎல்பி தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. கிரெடிட் எனப்படும் நல்ல தேர்ச்சி ஓரளவு இருந்தால் ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக் இருக்கிறது. 1969இல் தொடங்கியது, நாட்டிலேயே முதல் பாலிடெக்னிக். இத்தனை பக்கத்தில் இருந்தும், உள்ளே எப்படி இருக்கும் என்று தெரியாத வீடுகள்தான் நம்மிடம் அதிகம்.

கைத்தொழில் பக்கம் போகிறவர்கள் ஒரு ஏணியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழில் மூன்று நிலைகள். நான்காவது திறன் டிப்ளோமா. ஐந்தாவது உயர்நிலை டிப்ளோமா. முதல் நிலையோடு நிறுத்திவிட்டு, "படித்தும் சம்பளம் ஏறலையே" என்று வருத்தப்படுபவர்கள் நிறைய. மூன்றாம் நிலை வரையாவது போங்கள். இந்தப் பயிற்சிகளுக்குக் கடன் கொடுக்கப் பிடிபிகே என்ற நிதி இருக்கிறது. பல்கலைக்கழகம், பாலிடெக்னிக் படிப்புக்கு 1997இல் அமைத்த பிடிபிடிஎன். இரண்டும் கடன், திருப்பிக் கட்ட வேண்டும். கையெழுத்துப் போடும் முன்பு மாதம் எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள்.

ஏட்டுப் படிப்பில் நாட்டம் இருக்கிறது, பணம் இல்லை என்பவர்கள் ஆறாம் படிவத்தை மறந்துவிடுகிறார்கள். அங்கே எழுதும் எஸ்டிபிஎம் தேர்வுக்கு மூன்று தவணை, ஒன்றரை ஆண்டு. வீட்டிலிருந்தே போய்வரலாம். கடினம்தான், ஆனாலும் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குச் செலவு குறைந்த நல்ல வழி.

தமிழ்ப்பள்ளியில் படித்தேன். மலாயும் ஆங்கிலமும் தடுமாறுகிறது. அதனால்தான் பின்தங்கிவிட்டேனோ?

என்னையும் இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் போட்டார்கள். கூடப் படித்தவர்கள் ஒரு படிவம் மேலே உட்கார்ந்திருக்க, நான் ஓராண்டு மலாய் கற்றுக்கொண்டேன். அப்போது அழுதேன். பிறகு தொழிற்சாலையில் மூன்று இனத்தாருக்கும் நடுவில் நின்று பேச முடிந்தது அந்த ஓராண்டால்தான். தமிழ் உங்களைப் பின்னுக்கு இழுக்கவில்லை, பழக்கம்தான் போதவில்லை. பொதுவாக "ஆங்கிலம் கற்க வேண்டும்" என்று ஆரம்பித்தால் முடியாது. உங்கள் தொழிலுக்கு வேண்டிய ஆங்கிலத்தைப் பிடியுங்கள். மோட்டார் பட்டறையில் இருந்தால் இயந்திரக் கையேட்டில் தினம் ஒரு பக்கம்.

எதை ஆரம்பித்தாலும் மூன்றாம் மாதம் விட்டுவிடுகிறேன். எனக்கு மன உறுதி இல்லையா?

இதற்கு அம்மாவின் கதையைச் சொல்கிறேன்.

ரப்பர் மரத்தில் பால் குழாய்கள் பட்டையின் உட்பக்கத்தில் இருக்கின்றன. அதற்கும் உள்ளே, கட்டையை ஒட்டி, மரம் புதுப்பட்டை வளர்த்துக்கொள்ளும் மெல்லிய படலம் இருக்கிறது. கத்தி மேலோட்டமாகப் போனால் பால் குறையும். ஆழப் போனால் அந்தப் படலத்தில் காயம் பட்டு, பட்டை முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிடும். பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி நகத்தின் கனம் கூட வராது. அம்மா இதை விடியற்காலை இருட்டில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஐந்நூறு மரத்தில் செய்தார். விடிவதற்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் வேகம் குறையும்.

"எப்படிம்மா இருட்டில் ஆழம் தெரியுது?" என்று ஒருநாள் கேட்டேன். என் கையைப் பிடித்துக் கத்தியில் வைத்தார். மேலிருந்து சரிவாக இழுக்கச் சொன்னார். முதலில் சொரசொரவென்று இருந்தது. "இது வெளிப்பட்டை." இன்னொரு இழுப்பில் மெதுவாகியது. "இங்கதான் பால் இருக்கு. இதுக்கு மேல வழுக்குச்சுன்னா நிறுத்திடு." கண்ணால் பார்த்து வெட்டவில்லை அவர். கத்தியின் பிடி வழியாகக் கேட்டுக்கொண்டே வெட்டினார்.

அம்மாவுக்கு அது மூன்று மாதத்தில் வந்ததா? பதின்மூன்று வயதில் பாட்டி அவரை நல்ல மரத்தில் கை வைக்கவே விடவில்லை. மறுநடவுக்காகச் சாய்க்கப் போகிற கிழட்டு மரங்களில்தான் பழக்கினார். அந்த மரத்தை என்ன கீறினாலும் கங்காணி திட்டமாட்டார், கூலியில் பிடிக்கமாட்டார்கள். ஒரு பருவம் முழுக்கத் தப்பாகவே வெட்டி, பிறகுதான் தனி நிரை (மர வரிசை) கிடைத்தது.

உங்களுக்கு மன உறுதி இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் முதல் நாளே நல்ல மரத்தில் வெட்டப் பார்க்கிறீர்கள். முதல் மாதமே கடை போட்டு, முதல் காணொளியிலேயே ஊர் பார்க்க வேண்டும் என்று நினைத்தால், தப்பு ஒவ்வொன்றும் அவமானமாகிவிடும். அவமானத்தை மூன்று மாதத்துக்கு மேல் யாராலும் தாங்க முடியாது. பழகும் மரம் ஒன்றைத் தேடுங்கள். தப்பு செய்தால் பெரிதாக எதுவும் போகாத இடம். கேக் செய்யப் பிடிக்குமா, ஆறு மாதத்துக்குச் சொந்தக்காரர் பிறந்தநாள்களுக்கு மட்டும் செய்யுங்கள். கற்பிக்கப் பிடிக்குமா, பக்கத்து வீட்டு மூன்று பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுங்கள்.

ஆறு மாதம் ஒழுங்காகப் பழகியும் கை வரவில்லை, மனமும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடலாம். அது தோல்வி இல்லை. நான் தையல் வகுப்புக்கு ஒன்பது மாதம் போய் விட்டேன். இன்றைக்கு வரை அதற்காக வருத்தம் கிடையாது.

எனக்கு 43 வயது. இருபது ஆண்டாக வெல்டிங் செய்கிறேன், கையில் ஒரு சான்றிதழும் இல்லை. இனிமேல் என்ன படிப்பது?

அண்ணே, நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள், தாள்தான் பாக்கி. திறன் மேம்பாட்டுத் துறையில் பிபிடி என்று ஒரு வழி இருக்கிறது: முன்பே பெற்ற திறனுக்கான அங்கீகாரம். வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை. செய்த வேலைகளின் படங்கள், முதலாளி கொடுக்கும் கடிதம் போன்ற சான்றுகளைத் திரட்டி ஒரு கோப்பாகக் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டாளர் உங்களைப் பரிசோதித்து எஸ்கேஎம் தருவதற்குப் பரிந்துரைப்பார். இன்றையிலிருந்து செய்கிற ஒவ்வொரு வேலையையும் கைப்பேசியில் படமெடுத்துத் தேதி போட்டு வையுங்கள்.

பல்கலைக்கழகம் போக ஆசை இருந்தால் ஏபெல் என்ற வழி. வேலை அனுபவத்தை எடைபோட்டு நுழைவுத் தகுதியாக ஏற்றுக்கொள்வார்கள். டிப்ளோமாவுக்கு வயது 20, இளங்கலைப் பட்டத்துக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். மேல் வரம்பு இல்லை. என் வகுப்பில் என்னைவிட மூத்தவர்கள் இருவர் இருந்தார்கள். அதில் ஒரு அக்கா மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு வந்தால் நான்தான் பலகையைப் படித்துச் சொல்வேன்.

வீட்டு வாடகையே பெரும்பாடு. இதில் "உள்ளாற்றலை வளர்" என்றால் கோபம்தான் வருகிறது.

நியாயமான கோபம். மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டிய ஆபிரகாம் மாஸ்லோ 1943 கட்டுரையில் பசியையும் பாதுகாப்பையும்தான் முதலில் வைத்தார்; தன்னால் ஆக முடிந்ததாக ஆவதைக் கடைசியில் வைத்தார். ஆனால் முதல் படி முழுக்க நிறைந்தால்தான் அடுத்தது வரும் என்று அவர் சொல்லவில்லை. பாதி நிறைந்திருக்கும்போதே அடுத்த தேவை எட்டிப் பார்க்கும் என்றார். எனக்கும் அப்படித்தான் நடந்தது. கடன் தீர்ந்த பிறகு படிக்கலாம் என்று எட்டு ஆண்டு காத்திருந்தேன். கடன் தீரவில்லை. கடனோடுதான் படித்தேன்.

ஆனாலும் ஒன்று சொல்வேன். இந்த மாத அரிசிக்கே வழி இல்லை என்றால் முதலில் அதைப் பார்ப்போம். அதற்கு என்னிடம் வருவதில் வெட்கம் வேண்டாம்.

நாங்கள் தோட்டத்துப் பிள்ளைகள்தானே டீச்சர். எங்களுக்கு இவ்வளவுதான்.

இந்த வாக்கியத்தை யாராவது சொன்னால் நான் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன்.

1957இல் சுதந்திரம் வந்தது. பல வெளிநாட்டுக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுவிட்டுக் கிளம்பின. தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். தோட்டம் விற்றுப்போனால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும். அப்போது இந்த ஊரில் 1919இல் பிறந்த ம.இ.கா. தலைவர் துன் வீ. தி. சம்பந்தன், தோட்டத்தைத் தொழிலாளர்களே வாங்கினால் என்ன என்று கேட்டார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. ஒரு பங்கு 100 வெள்ளி (ரிங்கிட்). மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். தலைவர் லயம் லயமாகப் போய்ப் பேசினார். நாட்கூலி வாங்கிக்கொண்டிருந்த வெட்டுக்காரர்கள் அந்தப் பத்து வெள்ளியைக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பிறகு இன்னும் பல. நேற்றுவரை துரைக்குச் சொந்தமாக இருந்த நிலத்தில் வெட்டுக்காரரே பங்குதாரர்.

இதே ஊரில் மகாத்மா காந்தி கலாசாலை இருக்கிறது. 1954இல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்த தமிழ்ப்பள்ளி. அந்தப் பக்கம் போகும்போது நின்று பாருங்கள். சுதந்திரத்துக்கு முன்பே, தோட்டத்தை நம்பி வாழ்ந்த ஓர் ஊரில், இப்படி ஒரு பள்ளி வேண்டும் என்று நினைத்தவர்கள் நம்மவர்கள்.

இவ்வளவுதான் என்று நாம் சொல்கிற அளவை யார் போட்டார்கள்? நம் பாட்டன்மார் போட்டதில்லை.

தன்முனைப்பு முகாமுக்குப் பணம் கட்டிப் போகலாமா?

தொழிற்சாலையில் இருந்த நாளில் நான் ஒன்றுக்குப் போனேன். இரண்டு நாள், ஹோட்டலில், 800 வெள்ளி. அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கட்டினேன். கை தட்டினோம், கண்ணை மூடி அழுதோம், "என்னால் முடியும்" என்று நூறு தடவை சொன்னோம். திரும்பும்போது காற்றில் நடப்பது போல் இருந்தது. செவ்வாய்க்கிழமை இரவு ஷிப்டில் அதே நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது, செவ்வாய்க்கிழமை நான் என்ன செய்யப் போகிறேன் என்று அங்கே யாரும் என்னைக் கேட்கவே இல்லை. வளையலை மீட்க ஏழு மாதம் ஆனது.

எல்லா முகாமும் அப்படி என்று சொல்ல மாட்டேன். பணம் கட்டும் முன்பு கேளுங்கள்: முடிந்த பிறகு யார் என்னைத் தொடர்ந்து பார்ப்பார்கள், என்ன கற்றுக்கொடுப்பீர்கள், போன ஆண்டு வந்தவர் ஒருவரோடு பேசலாமா? பதில் மழுப்பலாக வந்தால் அந்தப் பணத்தில் எஸ்கேஎம் பயிற்சிக்குப் பதிவு செய்யுங்கள்.

கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். மாமியாரையும் பார்க்க வேண்டும். எனக்கென்று நேரமே இல்லை.

நேரம் தானாகக் கிடைக்காது தங்கச்சி, கேட்டுத்தான் வாங்க வேண்டும். இரவு ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை சமையலறை மேசை என்னுடையது என்று வீட்டில் சொன்னேன். மறுநாள் பசியாறலுக்கு மாவை எடுத்து வைத்துவிட்டு உட்காருவேன். பாத்திரம் கழுவுவதை வீட்டுக்காரரும் மகனும் எடுத்துக்கொண்டார்கள். முதல் வாரம் இரண்டு தட்டு உடைந்தது. உடையட்டும். நீங்கள் எழுந்து போய்க் கழுவ ஆரம்பித்தால் அன்றோடு அந்த ஒன்றரை மணி நேரம் போய்விடும்.

முன்னேற வேண்டுமென்றால் ஊரை விட்டுப் போகத்தான் வேண்டுமா?

பல துறைகளுக்கு, ஆமாம். பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று போய்த்தான் ஆக வேண்டும். போங்கள். ஆனால் சம்பளத்தை மட்டும் பார்த்துப் போகாதீர்கள். சிங்கப்பூர்ப் பணத்தை நம் வெள்ளிக்கு மாற்றிப் பார்த்தால் எல்லா வேலையும் நல்ல வேலையாகத்தான் தெரியும். ஐந்து ஆண்டு கழித்து என் கையில் என்ன புதுத் தொழில் இருக்கும் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

எதிலும் மனம் ஒட்டவில்லை. காலையில் எழவே பிடிக்கவில்லை.

இது வாரக்கணக்கில் நீடித்தால், தூக்கமும் சாப்பாடும் மாறிப் போயிருந்தால், இலக்கு பற்றிய பேச்சு எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். கிளினிக்கில் டாக்டரிடம் இதே வார்த்தைகளைச் சொல்லுங்கள். சோம்பேறித்தனம் என்று வீட்டில் சொன்னாலும் போங்கள். இரவில் தாங்க முடியவில்லை என்றால், மனம்விட்டுப் பேசக் காது கொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் தொண்டு அமைப்பு 03-7627 2929, எந்த நேரமும் எடுப்பார்கள். ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம்.

டீச்சர், நீங்கள் உங்கள் இலக்கை அடைந்துவிட்டீர்களா?

போன மாதம் ஒரு பத்து வயதுப் பெண் இதைக் கேட்டாள். இல்லை என்றேன்.

இந்த ஆண்டு எங்கள் பாலர் பள்ளிக்குக் காது கேளாத குழந்தை ஒன்று வந்திருக்கிறது. அவளோடு பேச மலேசிய சைகை மொழி கற்றுக்கொண்டிருக்கிறேன். ஏழாவது வாரம். விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை, பதினான்கு ஆண்டு தொழிற்சாலையில் வேலை செய்த விரல்கள். போன வியாழக்கிழமை அவளிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். முகத்தைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, என் மூன்று விரல்களையும் பிடித்து ஒவ்வொன்றாக நிமிர்த்தி, அவளே சரியாக வைத்துவிட்டு, குவளையை நீட்டினாள்.